சென்னை முதல் முட்டம் வரை: எந்தக் கடலில் இறங்கலாம், எந்தக் கடலைக் கரையில் நின்று பார்க்கலாம்

தமிழ்நாட்டுக் கடற்கரைகளுக்கு எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் மணல் சுத்தமா, பஜ்ஜி சூடா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதோடு முடிந்துவிடுகின்றன. கடல் எப்படி என்பதை எழுதுபவர் குறைவு. குழந்தைகளோடு போகிறவருக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான். பேர்போன கரைகள் பலவற்றில் குளிப்பது ஆபத்து. குளிக்க நல்ல கரைகளோ சுற்றுலாப் பட்டியல்களின் அடியில் கிடக்கின்றன. அதனால் இந்த மதிப்புரையில் தண்ணீருக்கு முதல் இடம். மணல், நிழல், கழிப்பறை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரே கடற்கரை என்று நாம் சொல்வது உண்மையில் நான்கு கடல். சென்னையிலிருந்து கோடியக்கரை வரை வங்கக் கடல் நேராக வந்து மோதும். கோடியக்கரையில் கரை மேற்கே மடங்குகிறது; அங்கிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையும் பாக் விரிகுடாவும். தனுஷ்கோடியின் தென்பக்கம் தொடங்கிக் குமரிமுனை வரை மன்னார் வளைகுடா. முனையைத் தாண்டினால் அரபிக் கடலின் முகம். அக்டோபர் முதல் ஜனவரி வரை வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று வங்கக் கடலையும் பாக் விரிகுடாவையும் கலக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்றுகளான கச்சானும் சோழகமும் மன்னார் வளைகுடாவையும் குமரியின் மேற்குக் கரையையும் கொந்தளிக்க வைக்கும். அப்போது பாக் விரிகுடா குளம்போல் கிடக்கும். இரண்டு பருவத்துக்கும் இடையில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், எல்லாக் கரையும் ஓரளவு அடங்கியிருக்கும். எந்த ஊர் என்று முடிவு செய்யும் முன் எந்த மாதம் என்று பாருங்கள்.

மெரினா: நடக்க முதல் இடம், குளிக்கக் கடைசி இடம்

மெரினாவின் அகலம் துறைமுகம் தந்தது. சென்னைத் துறைமுகத்துக்கு 1870களில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அந்தச் சுவரில் முட்டித் தேங்கியது. தெற்கே மெரினா விரிந்துகொண்டே போனது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரித்துப் பாறாங்கல் கொட்டவேண்டி வந்தது. இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டால் கிழக்குக் கரையில் எங்கும் உதவும்: துறைமுகத்துக்குத் தெற்கே மணல் இருக்கும், வடக்கே கல் இருக்கும். ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. வாடைக்காலத்தில் மட்டும் திரும்பும்.

அதிகாலை நடைக்கு மெரினாவுக்கு ஈடு கிடையாது. மாலைக் கூட்டம், தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல், ராட்டினம் எல்லாமே நன்று. சக்கர நாற்காலியில் வருபவர்கள் அலையருகே செல்ல 2022 நவம்பரில் மரப் பாதை ஒன்று அமைத்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது, பிறகு சரிசெய்தார்கள். மணலில் நாற்காலி புதைவதால் பாதி வழியில் திரும்பிய குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். மற்றக் கடற்கரைகளும் செய்யவேண்டிய வேலை.

தண்ணீர் வேறு கதை. இங்கே கடல்தரை செங்குத்தாக இறங்குகிறது. அலை தூரத்திலேயே உடைந்து நுரையாகத் தவழ்ந்து வருவதில்லை. கரையோரத்தில் மொத்தமாக விழுகிறது. விழுந்த நீர் அதே சரிவில் வேகமாகத் திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவும். முழங்கால் ஆழத்தில் கைகோத்து நிற்கும் சிறுவர்கள் விழுவது இப்படித்தான். எழுவதற்குள் அடுத்த அலை மேலே விழும். இரண்டாவது தடவை எழும்போது கால் எட்டாது. நீச்சல் தெரியுமா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. காணும் பொங்கல் அன்று காவல்துறை தடுப்பு கட்டி யாரையும் இறங்கவிடாமல் செய்வது நூறு சதவீதம் சரி. கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்கு அருகே, அதுவும் மழை பெய்து முகத்துவாரம் திறந்த நாட்களில், கால்கூட நனைக்க வேண்டாம். ஊரின் கழிவு மொத்தமும் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை அமைதியானது, கூட்டமும் குறைவு. அங்கே நிற்கும் வெள்ளை வளைவு கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ் மாலுமி அவர். படம் எடுக்க நிற்பவர்கள் அதை அந்தக் கடலைப் பற்றிய அறிவிப்புப் பலகையாகவும் படிக்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வருகின்றன. மாணவர்களின் ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்று 1988 முதல் இரவு நடையில் முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களும் நீலாங்கரையிலிருந்து கூடவே நடக்கலாம். கைப்பேசி விளக்கு கூடாது. வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும். மணலில் சில மணிநேரம் நடக்கவேண்டியிருக்கும் என்பதால் சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போவது சிரமம்.

இழுவை நீர் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது; குமரி வரை இது பொருந்தும். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் எங்காவது திரும்பியாக வேண்டும். மணல் திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே கூடி ஒரு வாய்க்காலாகக் கடலுக்குள் ஓடும். கரையில் நின்று பார்த்தால் இருபுறமும் அலை உடைந்து வெண்ணுரை தெரியும். நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் கருத்து அமைதியாகத் தெரியும், அல்லது கலங்கிய மண்ணிறத்தில் நுரை உள்நோக்கிப் போகும். புதியவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று குழந்தையை இறக்குவது சரியாக அந்த இடத்தில்தான். கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் சுவர்களான தூண்டில் வளைவுகளை ஒட்டியும், பாறைகளின் ஓரத்திலும், முகத்துவாரங்களிலும் இந்த வாய்க்கால் ஏறக்குறைய நிரந்தரமாக இருக்கும். கல் சுவரிலிருந்து 50 மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

சிக்கிவிட்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் களைத்துப்போவது இந்த எதிர்நீச்சலில்தான். இழுவை நீர் ஆளைக் கீழே அழுத்தாது, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள், ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரையேறுங்கள். கரையில் இருப்பவர் காப்பாற்றக் குதிக்கக்கூடாது. கயிறு, காலி தண்ணீர் கேன், பந்து, எது கிடைத்தாலும் மிதக்கும் பொருளை வீசவேண்டும். கேனின் மூடியை இறுக்கி மூடினால் ஓர் ஆளைத் தாங்கும்.

கோவளம், மாமல்லபுரம்

சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் கோவளம் வடபகுதியில் குளிப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லும் இடம். 2021இல் தமிழ்நாட்டின் முதல் நீலக்கொடிக் கடற்கரை ஆனது. நீலக்கொடி என்பது டென்மார்க்கில் தலைமையகம் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை தரும் சான்று. 33 நிபந்தனைகள், நீரின் தரத்தைத் தொடர்ந்து சோதிக்கவேண்டும், உயிர்காப்பாளர் இருக்கவேண்டும், முதலுதவி இருக்கவேண்டும், கழிவுநீர் கலக்கக்கூடாது. ஒருமுறை வாங்கினால் நிரந்தரமும் அல்ல, ஒவ்வொரு பருவத்துக்கும் புதுப்பிக்கவேண்டும். உடைமாற்றும் அறை, குளியல், கழிப்பறை, கண்காணிப்புக் கோபுரம் எல்லாம் உள்ளன. குளிக்க ஒதுக்கிய பகுதிக்குள் இருந்தால் மட்டுமே அந்தப் பாதுகாப்பு. வேலிக்கு வெளியே 200 மீட்டர் தள்ளி இறங்கினால் அது பழைய வங்கக் கடல்தான். கொடி அங்கே காப்பாற்றாது.

அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றுக்கொள்ளவும் கோவளம் ஏற்றது. மீனவ இளைஞர்களே பயிற்சியாளர்கள், அந்தக் கடலின் குணம் அவர்களுக்கு அத்துப்படி. காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காற்று நிலத்திலிருந்து வீசும், அலையின் முகம் வழுவழுப்பாக இருக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் நீர் சிதறிவிடும். புதியவருக்கு 8 அல்லது 9 அடி நீளமுள்ள மெத்தென்ற பலகை வேண்டும்; குட்டைப் பலகையில் நிற்கவே முடியாது. கணுக்கால் கயிறு கட்டியிருக்கிறதா, பலகையின் அடித்துடுப்பு உடைந்து கூராக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். விழும்போது தலையை இரு கைகளாலும் மூடிக்கொள்வதுதான் முதல் பாடமாக இருக்கவேண்டும். அதைச் சொல்லித்தராமல் நேரே நீருக்கு அழைக்கும் பயிற்சியாளரை மாற்றுங்கள். கற்றுக்கொள்ள பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. நல்ல அலை வேண்டுபவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் இருக்கிறது, அதுவே போதும். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தக் கோயிலைப் பார்க்கக் காலை வெயிலே சரி, கிழக்கு முகத்தில் ஒளி நேராக விழும். கோயிலின் இருபுறமும் நீருக்குள் பாறைகள் மறைந்திருக்கின்றன. குளிக்க வேண்டாம்.

புதுச்சேரி

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை. தமிழ்க் கரையில் இப்படி ஒரு நடைவெளி வேறு எங்கும் இல்லை. காந்தி சிலையிலிருந்து இரு திசையிலும் நடந்து பாருங்கள். மணல் இருந்த இடத்தில் கல் வந்தது இங்கும் துறைமுகத்தால்தான். 1980களில் தெற்கே அலைதடுப்புச் சுவர் வந்தபின் நகரின் கரை அரித்துப் போனது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018இல் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றைக் கடலுக்கடியில் இறக்கியபின் தலைமைச் செயலகத்தை ஒட்டிய வடபகுதியில் மணல் திரும்பச் சேர்ந்தது. அந்த மணலில் உட்காரலாம். திட்டும் பாறைகளும் உள்ள நீரில் இறங்கக்கூடாது.

சுண்ணாம்பாறு படகுத்துறையிலிருந்து படகில் போகும் பாரடைஸ் கடற்கரை அழகானது, ஆனால் ஆற்றின் முகத்துவாரம். மழைக்குப் பின் ஆறு வாயை அகலமாக வெட்டிக்கொள்ளும், மணல் திட்டு இடம் மாறும், கடல் வற்றும் நேரத்தில் ஆற்றுநீர் கடலுக்குள் பாயும். போன மாதம் இடுப்பளவு இருந்த இடம் இந்த மாதம் ஆளை மூழ்கடிக்கும். படகில் ஏறும்போதே கடைசிப் படகு எப்போது என்று கேளுங்கள். குளிக்க விரும்புகிறவர்கள் சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரைக்குப் போகவேண்டும். அதுவும் 2021இல் நீலக்கொடி பெற்றது. தந்திராயன்குப்பத்து செரினிட்டி கடற்கரை அலைச்சறுக்குக்காரர்களுடையது. தூண்டில் வளைவை ஒட்டி நல்ல அலை எழும், அதே இடத்தில்தான் இழுவையும் ஓடும்.

டெல்டாக் கரையைப் பார்ப்பதற்கென்று ஒதுக்குங்கள். தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் கட்டிய கோட்டையும், கடல் பாதியைத் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயிலும் ஒரே பார்வையில் கிடைக்கும். காற்றில் ஓசோன் நிறைந்த கடற்கரை என்ற விளம்பரத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். சுவாசிக்க ஓசோன் நல்ல பொருளே அல்ல, கடற்காற்று நல்லது என்று சொன்னால் போதும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் கூட்டம். அந்த நாட்களில் கரையில் குழந்தையின் கையை விடக்கூடாது, கையில் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டிவிடுங்கள். கோடியக்கரை பறவைகளுக்கான இடம். நவம்பர் முதல் ஜனவரி வரை பூநாரைகள் வரும், சரணாலயத்தில் வெளிமான் பார்க்கலாம், கரை சேறு.

பாக் விரிகுடா: பேர் இல்லாத நல்ல கடல்

குழந்தைகளுக்குக் கடலைப் பழக்க வேண்டுமென்றால் நேரே ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போங்கள். ராமேஸ்வரம் வட்டாரத்து மீனவர்கள் வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடலின் ஆழம் மிகக் குறைவு. பெரும்பகுதியில் 10 மீட்டர்கூட இருக்காது. இலங்கை ஒரு பக்கம், ராமேஸ்வரம் தீவும் மணல்திட்டுகளும் இன்னொரு பக்கம் என்று அடைத்துக்கொண்டிருப்பதால் பெருங்கடலின் பெரிய அலை உள்ளே நுழைவதில்லை.

உச்சிப்புளி அருகே உள்ள அரியமான் கடற்கரை இதில் முதன்மை. ராமநாதபுரத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில், முதன்மைச் சாலையிலிருந்து வடக்கே பிரியும் வழி. சவுக்குத் தோப்பின் நிழல் கரைவரை இருக்கிறது. மதியம் 12 மணிக்கும் உட்கார இடம் கிடைக்கும் கடற்கரை கிழக்குக் கரையில் அபூர்வம். நீர் நெடுந்தூரம் இடுப்பளவிலேயே போகும். மே முதல் செப்டம்பர் வரை காலை வேளையில் அலையே தெரியாது.

குறைகளும் உண்டு. வாடைக்காலத்தில் அதே கடல் கலங்கிப் பழுப்பாகிவிடும். காற்று கடற்புல்லை அறுத்துக் கரையில் குவிக்கும். அது அழுகும்போது நாற்றம் தாங்காது. அதைக் குப்பை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது குப்பை இல்லை; ஆவுளியாக்கள், அதாவது கடல்பசுக்கள், மேயும் புல். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவித்ததே இந்தப் புல்வெளிக்காகத்தான். இரண்டாவது குறை, அடித்தரை மெத்தென்று சேறாக இருக்கும், கிளிஞ்சல் காலைக் கிழிக்கும். பழைய ரப்பர் செருப்போ காலணியோ போட்டுக்கொண்டு இறங்குங்கள். மூன்றாவது, திருக்கை. மணலில் புதைந்து படுத்திருக்கும், மிதித்தால் வால்முள்ளால் அடிக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசி நகர்த்தி நடந்தால் அதுவே விலகிப் போய்விடும்.

காற்றடைத்த டியூபும் மிதவைப் படுக்கையும் இங்கே கூடவே கூடாது. கச்சான் காலத்தில் கரையருகே நீர் அசையாமல் தெரியும், ஆனால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் தள்ளும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஆபத்து தெரியாது. குழந்தை டியூபோடு சில நிமிடங்களில் எட்டாத தூரம் போய்விடும். உடலோடு கட்டிய உயிர்காப்பு உடுப்பு மட்டுமே சரி, அதிலும் இடுப்புக்குக் கீழே வரும் வார் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் உடுப்பு மேலே போய்விடும், ஆள் கீழே போய்விடுவார். படகுத்துறை அருகே வேண்டாம். படகு போக ஆழப்படுத்திய கால்வாய் இருக்கும்.

சொறி மீன் எனப்படும் இழுதுமீன் இங்கே எந்த மாதத்திலும் வரலாம். பட்டுவிட்டால் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மணல் போட்டுத் தேய்த்தாலும் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் இன்னும் வெடிக்கும். இழைகளைக் குச்சியாலோ அட்டையாலோ எடுத்தபின், பட்ட இடத்தைப் பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடத்துக்குக் குறையாமல் வைக்கவேண்டும். திருக்கை முள்ளுக்கும் வெந்நீரே முதல் மருத்துவம், பிறகு மருத்துவமனை. மூச்சுத் திணறினால் வெந்நீருக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

கடலுக்கடியில் பார்க்க விரும்புவோருக்கு உச்சிப்புளி பக்கத்துப் பிரப்பன்வலசையும், தொண்டி அருகே காரங்காடும் நல்ல சேவை தருகின்றன. இரண்டும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா. பிரப்பன்வலசையில் முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டுக் கடற்புல் வெளியைப் பார்க்கலாம். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகு. காலை 10 மணிக்குள் போனால்தான் நீர் தெளிவு. காற்று எழுந்தபின் போய், ஒன்றும் தெரியவில்லை என்று குறைசொல்வதில் பயன் இல்லை. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. கடைத்தெருவில் யாராவது பவளத் துண்டு விற்றால் வாங்காதீர்கள். வைத்திருப்பதே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தனுஷ்கோடி

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் எச்சங்களைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017இல் சாலை போட்டபின் கூட்டம் பெருகிவிட்டது. இருபுறமும் கடல் ஓட, நடுவில் சாலை. ஆண் கடலும் பெண் கடலும் எப்படி வேறுபடுகின்றன என்பதை ஒரே இடத்தில் நின்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள இதைவிட இடம் இல்லை. ஜூன், ஜூலையில் தெற்கே அலை சுவரில் மோதித் தெறிக்கும், வடக்கே நீர் சலனமற்றுக் கிடக்கும். டிசம்பரில் இது தலைகீழ்.

குளிக்க இறங்கினால் இந்தக் கரையிலேயே மிக மோசமான இடம் இதுதான் என்போம். இரு கடலின் நீரும் முனையைச் சுற்றி ஓடுகிறது, மணல் கரை செங்குத்தாக இறங்குகிறது, காப்பாற்றப் படகு பக்கத்தில் இருக்காது. தடைப்பலகைக்குக் கட்டுப்படுங்கள். நிழல் கிடையாது, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது ராமேஸ்வரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மாலை இருட்டும் முன் வெளியேற்றிவிடுவார்கள் என்பதால் காலை 6 மணிக்குப் போய் 9 மணிக்குள் திரும்புவது உத்தமம். சாலையோரம் மணல் மேவிய இடத்தில் காரை இறக்கினால் சக்கரம் புதையும். புதைந்தால் வேகமாக முடுக்காதீர்கள், இன்னும் ஆழப் போகும். சக்கரத்தின் முன்னே உள்ள மணலைத் தள்ளி, மிதியடியை அடியில் வைத்து, காற்றைக் கொஞ்சம் இறக்கி மெதுவாக எடுங்கள்.

தெற்கே திருச்செந்தூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் மணப்பாடு. கடலுக்குள் நீளும் மணற்குன்று, அதன்மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே மணல்திட்டு அடைத்து உண்டான காயல். குன்றின் கடற்பக்கம் அலைச்சறுக்குக்காரர்களுக்கு. காயல் பக்கம் ஆழமில்லாமல் அமைதியாக இருக்கும், காற்றாடிச் சறுக்கு (கைட் சர்ஃபிங்) பழகுவோர் விரும்புவது அதனால்தான். தங்குமிடமும் சாப்பாட்டுக் கடையும் குறைவு. திருச்செந்தூரில் தங்கிக் காலையில் வந்துபோகலாம். செப்டம்பர் 14ஐ ஒட்டித் திருவிழா, அப்போது ஊருக்குள் வண்டி நகராது.

குமரியும் கள்ளக்கடலும்

குமரிமுனையில் சூரிய உதயம் ஆண்டு முழுதும் பார்க்கலாம். சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க எண்ணுபவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வரவேண்டும். அப்போது சூரியன் தென்மேற்கில் இறங்கும். ஜூனில் வடமேற்கே சாய்ந்து நிலத்தை ஒட்டி மறையும், மேகமும் மூடியிருக்கும். அந்த மாதத்தில் வந்து ஏமாறுபவர்கள் ஏராளம். விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. காற்றும் அலையும் மிகுந்த நாட்களில் படகே ஓடாது என்பதால் அந்த ஒன்றுக்காக மட்டும் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

முனையிலிருந்து மேற்கே சொத்தவிளை, கணபதிபுரம், முட்டம் என்று அடுத்தடுத்து அழகான கரைகள். சொத்தவிளை நீண்ட, கூட்டமற்ற மணல்வெளி. கரிய கனிம மணல் மதியம் காலைச் சுட்டுவிடும், மாலை 4 மணிக்குப் பிறகு போங்கள். முட்டத்தில் கலங்கரை விளக்கத்தின் கீழே உள்ள பாறைகளில் இருந்து மாலை பார்க்கலாம்; பச்சைப் பாசி படர்ந்த பாறை நீர் எட்டும் பாறை என்று அர்த்தம், காய்ந்து வெளுத்த பாறையைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டாம்.

இந்தக் கரையின் தனி ஆபத்து கள்ளக்கடல். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல் எழுப்பிய நீள்அலை சில நாட்கள் பயணம் செய்து இங்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் திடீரென ஏறிவரும். ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பள்ளிக் கோடை விடுமுறையில், இது அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்களில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் மாவட்டவாரியாக இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே தருகிறது. குமரிக்குக் கிளம்பும் அன்று காலையில் அதைப் பார்க்காமல் மணலில் கால் வைக்கக்கூடாது.

கண்ணாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். கரையில் 10 நிமிடம் நின்று அலைகளை எண்ணுங்கள். சாதாரணமாக ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் 6 முதல் 10 விநாடி இடைவெளி இருக்கும். அது 15 விநாடியைத் தாண்டினால் தொலைவிலிருந்து வந்த நீள்அலை. நடுவே கடல் அடங்கியதுபோல் தோன்றும், பிறகு வரிசையாகச் சில பெரிய அலைகள் மணலின் உச்சி வரை ஏறும். ஈர மணலுக்கும் காய்ந்த மணலுக்கும் நடுவே உள்ள கோட்டுக்கு மேலேயே பையையும் பிள்ளைகளையும் வைத்துக்கொள்ளுங்கள். படகுகளை மீனவர்கள் வழக்கத்தைவிட மேலே இழுத்து வைத்திருந்தால் கேள்வியே வேண்டாம், திரும்பிவிடுங்கள். கடலில் யாராவது சிக்கினால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. ஆனால் முதலில் கூப்பிடவேண்டியது பக்கத்தில் வலை காயவைத்துக்கொண்டிருக்கும் அண்ணனை. அவர் படகுதான் முதலில் போய்ச் சேரும்.

மீன் சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் தடைக்காலத்தைப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது. வள்ளமும் சிறு ஃபைபர் படகும் கொண்டுவரும் மீன் மட்டும், விலை கூடுதலாக இருக்கும், ஆனால் அன்றைக்குப் பிடித்தது. குமரியின் மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால் மே மாதத்தில் முட்டம் துறைமுகத்தில் விசைப்படகு மீன் கிடைக்கும், முனைக்குக் கிழக்கே உள்ள சின்னமுட்டத்தில் கிடைக்காது; இரண்டும் ஒரே மாவட்டத்தில் ஒரு மணிநேரப் பயணத்தில் இருக்கின்றன.